எஃகுச் சுருள் வேகனை 1:87 அளவில் கட்டுவது எப்படி: சுமையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

வட அமெரிக்க ரயில்பாதைகளில் எஃகுச் சுருள்களை ஏற்றிச் செல்லும் சரக்கு வேகனின் மாதிரியை மாதிரி ரயில்களுக்கான எச்.ஓ. அளவில், அதாவது 1:87 விகிதத்தில் கட்டுவதற்கான படிகள் இவை. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிட் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். முழுதாகக் கட்டி விற்கப்படும் வேகனை வாங்கியவர்களுக்கும் 6, 8, 13 ஆகிய படிகளின் சில பகுதிகளைத் தவிர மற்றவை பொருந்தும்.

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் வேகனைக் கட்டி, சாயம் பூசி, எழுத்து ஒட்டி முடித்துவிட்டுக் கடைசியில்தான் சுருளைப் பற்றி யோசிக்கிறார்கள். சுருள்கள் உட்காரும் பள்ளம் நீளமாக இருக்கிறதே என்று அதை முழுக்க நிரப்பிவிடுகிறார்கள். பெரிய சுருள் எட்டு அடுக்கினால் அசல் உலகில் அது ஏறத்தாழ 180 டன். அந்த வேகன் தாங்குவதோ 90 டன். எஃகு அவ்வளவு கனமானது என்பதால் அசல் வேகன் பார்ப்பதற்குப் பாதி காலியாகத்தான் இருக்கும். அந்தக் காலியிடத்தைச் சரியாகக் காட்டுவதுதான் இந்த வேலையின் உயிர். அதனால் இங்கே வரிசை தலைகீழ்: சுமை முதலில், வேகன் பிறகு.

1. ஆண்டையும் நிறுவனத்தையும் முடிவு செய்யுங்கள்

ஒரு தாளில் ஓர் ஆண்டை எழுதுங்கள். தோராயமாக "நவீன காலம்" என்று எழுதினால் போதாது. பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

கான்ரெயில் என்ற அமெரிக்க ரயில் நிறுவனம் 1976-இல் ஓடத் தொடங்கியது. 1999-இல் அதன் பாதைகளையும் வேகன்களையும் சிஎஸ்எக்ஸ், நார்ஃபோக் சதர்ன் ஆகிய இரு நிறுவனங்களும் பங்கிட்டுக்கொண்டன. அப்போது சிஎஸ்எக்ஸ் பக்கம் போன வேகன்களுக்கு "என்ஒய்சி" என்றும், நார்ஃபோக் சதர்ன் பக்கம் போனவற்றுக்கு "பிஆர்ஆர்" என்றும் பழைய நிறுவனங்களின் குறியெழுத்துகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே 1995-ஆம் ஆண்டைக் காட்டும் மாதிரி ரயில் தளத்தில் பழுப்பு நிறக் கான்ரெயில் வேகனில் "பிஆர்ஆர்" என்ற ஒட்டுச் சதுரம் இருந்தால் தவறு. 2003 என்றால் அதே சதுரம் அழகு.

பக்கவாட்டில் தெரியும் மஞ்சள் அல்லது வெள்ளை ஒளிதிருப்பிப் பட்டைகளும் இப்படித்தான். அமெரிக்கக் கூட்டாட்சி ரயில் நிர்வாகம் 2005-இல் கொண்டுவந்த விதிக்குப் பிறகே அவை எல்லா வேகன்களிலும் படிப்படியாக ஏறின. 1967-இல் வந்து 1977-இல் கைவிடப்பட்ட பல வண்ணக் கோட்டு அடையாளப் பலகை வேறொரு காலத்துக்கு உரியது. இரண்டையும் ஒரே வேகனில் பளபளவென்று ஒட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பழைய பலகை மங்கி உரிந்து பல ஆண்டுகள் தொங்கியிருக்கலாம். புத்தம் புதிதாக இருந்திருக்க முடியாது.

2. எந்த எஃகு, மூடியோடா மூடியில்லாமலா?

சூடான நிலையில் உருட்டிய எஃகுச் சுருளின் மேல் கருநீலச் செதில் படிந்திருக்கும். அடுத்த ஆலையில் அமிலத்தில் அதை நீக்கத்தான் போகிறார்கள் என்பதால் மழையில் நனைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. இந்தச் சுருள்கள் திறந்த வேகனிலும் போகும். குளிர்நிலையில் உருட்டியதும் துத்தநாகம் பூசியதும் அப்படியல்ல. ஒரு துளி ஈரம் பட்டாலும் வாங்குபவர் திருப்பி அனுப்பிவிடுவார். அவை மூடிக்குள்தான் போகும்.

திறந்த வேகன் என்றால் கருநீலச் சுருள். வெள்ளிபோல் மின்னும் சுருள் வேண்டுமானால் மூடியைக் கழற்றிப் பார்க்கும்படி செய்யுங்கள், அல்லது ஆலைக் கூரைக்கடியில் ஏற்றும் காட்சியாக வையுங்கள். மின்னும் சுருள்களைத் திறந்த வேகனில் வைத்து ரயில் நடுவில் ஓட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. பார்க்க அழகாக இருப்பதால் யாரும் அதை விட மனம் வைப்பதில்லை.

மூடி நிரந்தரமாக ஒட்டப்பட்டது என்று முடிவு செய்தால் 8-ஆம் படியின் பலகை வேலையையும் 9 முதல் 11 வரையுள்ள படிகளையும் அப்படியே தாண்டிவிடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. இருபது வேகன் கொண்ட ரயிலில் பதினெட்டை மூடி ஒட்டி முடித்துவிட்டு, இரண்டை மட்டும் முழுமையாகச் செய்வது நல்ல கணக்கு.

3. பள்ளம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள்

இரண்டு வகை உண்டு. நெடுக்குப் பள்ள வேகனில் ஒரே நீண்ட ஆப்பு வடிவப் பள்ளம் முனையிலிருந்து முனைக்குப் போகும். வாய்க்காலில் கிடத்திய மரத்துண்டுபோல் சுருள் அதில் படுத்திருக்கும். அதன் நடுத்துளை, அதாவது கண், வேகனின் முனைகளை நோக்கும். குறுக்குப் பள்ள வேகனில் பள்ளங்கள் அகலவாக்கில் வரிசையாக இருக்கும். சுருளின் கண் பக்கவாட்டில், நம்மைப் பார்த்து இருக்கும்.

இதை ஏன் இப்போதே பார்க்க வேண்டும்? வேலையை எங்கே செலவிடுவது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. குறுக்குப் பள்ளத்தில் சுருளின் பக்க முகம், அந்த வட்ட வட்டமான அடுக்குக் கோடுகள், கண்ணுக்கு நேரே நிற்கும். அங்கே செதுக்கிய பிளாஸ்டிக் உருளை எடுபடாது. நெடுக்குப் பள்ளத்தில் பெரும்பாலும் சுருளின் முதுகுதான் தெரியும். பக்க முகம் சாய்வாகப் பார்த்தால் மட்டும் தெரியும். பரவலாகக் காணப்படுவது நெடுக்கு வகை. இனி வரும் படிகளை அதை வைத்தே எழுதுகிறேன்.

நெடுக்குப் பள்ளத்தில் குறுக்குப் பள்ளத்துக்கான சுருளைக் கண் பக்கவாட்டில் தெரியும்படி உருட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அசல் உலகில் அது முதல் பிரேக்கிலேயே உருண்டு ஓடும்.

4. சுமையைக் கணக்கிடுங்கள்

கிட்டின் பக்கவாட்டில் சுமை வரம்பு பவுண்டில் அச்சிட்டிருக்கும். அதை 2,205-ஆல் வகுத்தால் மெட்ரிக் டன் கிடைக்கும். "100 டன் வேகன்" என்று சொல்லப்படுவது 2,000 பவுண்டு கொண்ட சிறிய டன்னில். மெட்ரிக் கணக்கில் அது 90.7 டன். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் ஒரு சிறு சுருள் கூடுதலாக ஏறிவிடும்.

ஒரு பெரிய சுருளை எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 72 அங்குலம், கண்ணின் விட்டம் 24 அங்குலம், அகலம் 48 அங்குலம். மீட்டரில் 1.83, 0.61, 1.22. வெளிவிட்டத்தின் வர்க்கத்திலிருந்து கண்ணின் வர்க்கத்தைக் கழித்து, 0.785-ஆல் பெருக்கி, அகலத்தால் பெருக்கினால் கன அளவு 2.85 கன மீட்டர். எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7.85 டன். பெருக்கினால் 22.4 டன்.

நான்கு சுருள் வைத்தால் ஏறத்தாழ 90 டன். அவ்வளவுதான், வேகன் நிறைந்தது.

இதே சுருள் 1:87-இல் 21 மி.மீ. வெளிவிட்டம், 7 மி.மீ. கண், 14 மி.மீ. அகலம் ஆகிறது. நான்கையும் ஒட்டி வைத்தால் 56 மி.மீ. உங்கள் பள்ளத்தின் நீளம் 150 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும். மீதி வெற்றிடம். அதை நிரப்பத் தோன்றும், நிரப்பாதீர்கள்.

கலவையாக வைக்க ஆசையிருந்தால் சிறிய சுருள் ஒன்றையும் கணக்கிடலாம். 60 அங்குல வெளிவிட்டம், 20 அங்குலக் கண், 36 அங்குல அகலம் என்றால் 11.6 டன், எச்.ஓ. அளவில் 17.5, 5.8, 10.5 மி.மீ. பெரியது மூன்று, சிறியது இரண்டு என்று வைத்தால் 90.4 டன் வரும். எனக்குப் பிடித்த சுமை இதுதான். ஒரே அளவுச் சுருள்கள் வரிசையாக நிற்பதைவிட உயிரோட்டமாகத் தெரிகிறது.

வெட்டத் தொடங்குமுன் 21 மி.மீ. வட்டம் ஒன்றை அட்டையில் வெட்டிப் பள்ளத்தில் நிறுத்தி மூடியைப் போட்டுப் பாருங்கள். கிட்டின் பிளாஸ்டிக் அசல் தகட்டைவிடப் பல மடங்கு தடிமன் என்பதால் மூடியின் உட்புறம் இடிக்கலாம். இடித்தால் வெளிவிட்டத்தை 20 அல்லது 19 மி.மீ. ஆக்குங்கள். எல்லாச் சுருளையும் சுற்றி முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது வேதனை.

5. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வெர்னியர் காலிப்பர், புதிய பிளேடு போட்ட கத்தி, எஃகு அளவுகோல், கிராம் காட்டும் சிறிய தராசு ஆகிய நான்கும் இல்லாமல் தொடங்க வேண்டாம். தராசைத்தான் பலர் விட்டுவிடுவார்கள்.

சுருளுக்கு 80 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாள், ஒட்டும் அலுமினிய நாடா, 7 மி.மீ. துளையிடும் பிட் ஒன்று, மெழுகுவர்த்தித் துண்டு, குச்சிப் பசை, தண்ணீர்போல் ஓடும் சூப்பர் குளூ. பள்ளத்துக்கு மெல்லிய மரக்கீற்று அல்லது ஸ்டைரீன் பிளாஸ்டிக் கீற்று. எடைக்கு எஃகு அல்லது ஈயப் பட்டை. கப்ளரின், அதாவது வேகன்களை இணைக்கும் கொக்கியின், உயரத்தைப் பார்க்கும் அளவி, சக்கர இடைவெளியைப் பார்க்கும் என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாதிரி ரயில் சங்கம்) அளவி.

ரசீதுத் தாள் சுருளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நீளமாகக் கிடைக்கிறது, ஒட்டு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அது வெப்பத்தில் கறுக்கும் தாள். ஆல்கஹால் கலந்த சாயம் பட்டாலும் கறுத்துத் திட்டுத்திட்டாகிவிடும். சாதாரணத் தாளே போதும்.

6. அடிச்சட்டம், போகி, கப்ளர்

100 டன் வேகனுக்கு 36 அங்குலச் சக்கரம், எச்.ஓ. அளவில் 10.5 மி.மீ. சில பழைய கிட்களில் 33 அங்குலச் சக்கரம் வரும். காலிப்பரால் அளந்து பார்த்து மாற்றிவிடுங்கள். சக்கரம் மாறினால் வேகனின் உயரம் மாறும், உயரம் மாறினால் கப்ளர் மாறும். அதனால் சக்கரத்தை முடிவு செய்யாமல் கப்ளரைத் தொடாதீர்கள்.

போகி என்பது வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம். ஒரு போகியின் திருகை, அது இடவலமாக மட்டும் திரும்பும் அளவுக்கு இறுக்குங்கள். மற்றதைச் சற்றுத் தளர்த்தி, எல்லாப் பக்கமும் அசையும்படி விடுங்கள். மூன்று புள்ளிகளில் நிற்கும் பொருள் ஆடாது. இரண்டையும் இறுக்கினால் பாதையின் சிறு மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும். இரண்டையும் தளர்த்தினால் வேகன் தள்ளாடும்.

கப்ளரின் மையம் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 9.9 மி.மீ. கேடீ நிறுவனத்தின் உயர அளவியைப் பாதையில் வைத்துப் பொருத்திப் பார்ப்பதே எளிது. தாழ்ந்திருந்தால் போகிக்கும் உடலுக்கும் இடையே மெல்லிய வாஷர் போடுங்கள். கப்ளரையே வளைப்பது வேண்டாம்.

பல சுருள் வேகன்களில் அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பு இருப்பதால் கப்ளர் பெட்டி முனையிலிருந்து சற்று வெளியே நீண்டிருக்கும். அதை வெட்டி உள்ளே தள்ளினால் வேகன்கள் நெருக்கமாக நிற்கும் என்பது சரி, ஆனால் அந்த வேகனின் முகமே போய்விடும்.

7. எடை

திறந்த வேகனில் எடையை மறைக்க இடம் குறைவு என்பதால் இந்தப் படி இங்கே வருகிறது. பள்ளத்தை ஒட்டிவிட்டால் பிறகு வழியில்லை.

என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி எச்.ஓ. வேகனுக்கு அடிப்படை 1 அவுன்ஸ், அதோடு உடல் நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 48 அடி வேகன் 6.6 அங்குலம் வரும். ஆக 4.3 அவுன்ஸ், ஏறத்தாழ 122 கிராம்.

இதற்குச் சுருளையே உலோகத்தில் செய்துவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். 21 மி.மீ. எஃகுச் சுருள் ஒன்று 34 கிராம் இருக்கும். நான்கு சேர்ந்தால் 135 கிராம். சுமை மட்டுமே மொத்தப் பரிந்துரையைத் தாண்டிவிடும், அதுவும் வேகனின் மேற்பகுதியில். சுருளை எடுத்துவிட்டால் காலி வேகன் காற்றடைத்த பைபோல் குதிக்கும். எடை வேகனுடையதாக இருக்கட்டும், சுமை காகிதமாக இருக்கட்டும். காகிதச் சுருள் ஒன்று நான்கு கிராம்கூட வராது என்பதால் ஏற்றினாலும் இறக்கினாலும் ஓட்டம் மாறாது.

பள்ளத்தின் சாய்ந்த சுவர்களுக்கு அடியில் இருபுறமும் முக்கோண வெற்றிடம் இருக்கிறது. 12 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன், 120 மி.மீ. நீளமுள்ள ஈயப் பட்டை ஒன்று 33 கிராம். இரண்டு பக்கமும் வைத்தால் 65 கிராம் சேரும். எஃகில் என்றால் 45 கிராம். முதலில் வேகனை எல்லாப் பாகங்களோடும் மூடியோடும் தராசில் வைத்து, குறைவது எவ்வளவு என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். இரு பக்கமும் சம எடை. ஒரு பக்கம் ஐந்து கிராம் கூடினாலும் வளைவில் சாயும்.

ஈயத்தை வெள்ளை மரப்பசையால் ஒட்டாதீர்கள். அந்தப் பசையில் இருக்கும் அமிலம் ஈயத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்ல வீங்கும். மாதங்கள் கழித்துப் பக்கச் சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், காரணமும் புரியாது. எபாக்ஸி அல்லது சூப்பர் குளூ போடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இப்போதே, சாயம் பூசுவதற்கு முன்பே, பாதையில் ஓட்டிப் பாருங்கள். குறையைச் சரிசெய்யச் சாயமற்ற பிளாஸ்டிக்கைக் கையாளுவது எளிது.

8. உடலுக்குச் சாயம், பள்ளத்துக்குப் பலகை

உடல் முழுவதற்கும் நிறுவனத்தின் நிறத்தைப் பூசி உலரவிட்ட பிறகே பள்ளத்தின் பலகைகளை ஒட்டுங்கள். மாற்றிச் செய்தால் மரத்தை மூடிவைத்துச் சாயம் அடிக்க வேண்டிவரும். ஓரங்களில் கசிவு நிச்சயம்.

சுருளின் ஓரம் நசுங்காமல் இருக்க அசல் பள்ளத்தின் சாய்வுகளில் மரம் பதிக்கிறார்கள். 0.5 மி.மீ. தடிமனுள்ள கீற்றுகளைச் சாய்வின் மேல் நீளவாக்கில் ஒட்டினால் போதும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு கீற்றுக்கும் சற்று வேறுபட்ட பழுப்பு, சாம்பல் நிறம் கொடுங்கள். ஒட்டிய பிறகு ஒரே தூரிகையில் அடித்தால் பலகை தனித்தனியாகத் தெரியாது.

சுருள்கள் உட்காரும் இடங்களில் மட்டும் கறுப்பு உரசல் தடம் போடுங்கள். மென்மையான பென்சிலின் கரித்தூளை விரலால் தேய்த்தால் வரும் பளபளப்பு சாயத்தில் வராது.

9. சுருளைச் சுற்றுவது

இது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு சுருளுக்கு எவ்வளவு தாள் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். பக்க முகத்தின் பரப்பு 308 சதுர மி.மீ.; தாளின் தடிமன் 0.1 மி.மீ.; வகுத்தால் மூன்று மீட்டருக்குச் சற்றுமேல். ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. என்பதால் பதினொரு கீற்றுகள் வேண்டும். கையால் சுற்றும்போது அடுக்குகளுக்கிடையே காற்று நிற்கும் என்பதால் பத்திலேயே முடிந்துவிடலாம். காலிப்பர் சொல்வதைக் கேளுங்கள்.

எல்லாக் கீற்றுகளையும் 14 மி.மீ. அகலத்தில் ஒரே அமர்வில் வெட்டுங்கள். அளவுகோலை ஒரு முறை நிறுத்தி, இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்து, மெதுவாகப் பல இழுப்பில் வெட்ட வேண்டும். ஒரே இழுப்பில் அழுத்தினால் அடித்தாள் நழுவி அகலம் மாறும். அகலம் மாறிய கீற்று சுருளின் பக்கத்தில் படிக்கட்டுபோல் தெரியும். ஓரிரு அடுக்குகள் ஒரு மயிரிழை துருத்தி நிற்பது அசலிலும் உண்டு, அதை விட்டுவிடலாம்.

துளையிடும் பிட்டின் வழுவழுப்பான காம்புப் பகுதியில் மெழுகைத் தேயுங்கள். முதல் கீற்றின் நுனியை அதன் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாளைத் தாளோடு குச்சிப் பசையால் ஒட்டுங்கள். பிட்டோடு ஒட்டக் கூடாது. பிறகு மேசையில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, சுருளின் ஒரு பக்கம் அதன் மேல் தட்டையாக நிற்கும்படி பிட்டைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றுங்கள். கண்ணாடிதான் ஓரத்தைச் சமமாக வைத்திருக்கும். கையில் அந்தரமாகச் சுற்றினால் நடு அடுக்குகள் கூம்புபோல் வெளியே தள்ளும். அசல் ஆலையிலும் அது கழித்து வைக்க வேண்டிய சுருள்தான்.

கீற்று முடியும் இடத்தில் அடுத்ததை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், நுனியோடு நுனி சேர்த்து வையுங்கள். இரண்டு நுனிகளுக்கும் கீழே ஒரு பொட்டுக் குச்சிப் பசை. ஏற்றி ஒட்டினால் அந்த இடத்தில் புடைப்பு வரும். அதன் மேல் வரும் ஒவ்வொரு அடுக்கும் அந்தப் புடைப்பைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். பத்தாவது கீற்றில் உங்கள் கையில் முட்டை இருக்கும். வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து பூசுவதும் கூடாது, தாள் ஊறி அலையலையாகிவிடும்.

21 மி.மீ. வந்ததும் கடைசி நுனியை ஒட்டுங்கள். இரண்டு பக்க முகங்களிலும் ஓடும் சூப்பர் குளூவைச் சில சொட்டுகள் விடுங்கள். அடுக்குகளுக்கிடையே அது தானாக ஊறிப் பரவும். தாளோடு சேரும்போது சற்றுச் சூடாகிப் புகையும். சன்னலைத் திறந்து வைத்து, முகத்தை விலக்கி வைத்துச் செய்யுங்கள். பிட்டுக்குப் பக்கத்தில் விடாதீர்கள், அது நிரந்தரமாகிவிடும்.

உலர்ந்ததும் பிட்டைத் திருகி உருவுங்கள். கண்ணாடியின் மேல் 400, பிறகு 600 எண் உப்புத்தாளை வைத்து, சுருளைச் சாவி திருப்புவதுபோல் இருபுறமும் திருப்பித் தேயுங்கள். நேர்க்கோட்டில் இழுத்துத் தேய்த்தால் கீறல்கள் வட்ட அடுக்குகளுக்குக் குறுக்கே ஓடும். சாயம் பட்டதும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக முதுகில் ஒரு சுற்று அலுமினிய நாடா. தாளின் நார்த்தன்மை சாயத்துக்கு அடியிலும் தெரியும், நாடா அதை மறைத்து உலோகத்தின் தட்டை முகத்தைக் கொடுக்கும். நாடாவைக் கீற்றைவிடச் சற்று அகலமாக ஒட்டி, மிஞ்சியதை ஓரத்தோடு ஒட்டிச் சீவுங்கள். நாடா சேரும் இடம் பள்ளத்தின் அடிப்பக்கம் வரும்படி பின்னால் வைத்துவிடலாம்.

10. சுருளின் நிறமும் கட்டுப் பட்டைகளும்

சூடாக உருட்டிய சுருளுக்குக் கறுப்பு மட்டும் போதாது. கறுப்பில் சிறிது நீலமும் சாம்பலும் கலந்து மங்கலாகப் பூசுங்கள். வெளியே நின்ற சுருள் என்றால் ஓரங்களில் ஆரஞ்சுத் துருவை மெல்லியதாகத் தட்டிவிடுங்கள். முழுக்கத் துருப்பிடித்த சுருள் பழைய இரும்புக் கடைக்குப் போவதுபோல் இருக்கும்.

குளிர்நிலையில் உருட்டியதற்கு நாடாவின் நிறமே அடிப்படை. அதன் மேல் எண்ணெய்ப் படலம்போல் அரைப்பளபளப்பு வார்னிஷ். பக்க முகங்களுக்கு முதுகைவிட ஒரு படி கருமையான சாம்பல் கொடுத்து, பின் நீர்த்த கறுப்பை ஓடவிட்டால் அடுக்குக் கோடுகள் எழுந்து வரும். கண்ணின் உட்சுவருக்கும் எஃகு நிறமே. வெள்ளைத் தாளாக விட்டவர்கள், புகைப்படத்தில் பார்க்கும்போதுதான் கவனிப்பார்கள்.

அசல் கட்டுப் பட்டை ஒன்றேகால் அங்குலம் என்றால் எச்.ஓ. அளவில் 0.36 மி.மீ. தான். ஒரு மில்லிமீட்டர் நாடா போட்டால் மூன்றரை அங்குலப் பெல்ட் ஆகிவிடும். கறுப்புச் சாயம் பூசிய வெற்று டிகால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) தாளிலிருந்து கீற்றெடுத்து, முதுகைச் சுற்றி இரண்டு மூன்று, கண்ணின் வழியாக ஒன்று ஒட்டுங்கள். முதுகில் வெள்ளைப் பென்சிலால் நான்கைந்து எண்களைக் கிறுக்கலாம். அழகான கையெழுத்து வேண்டாம்.

11. ஏற்றுவது

எந்தப் போகியின் மேலும் சுமை வரம்பில் பாதிக்கு மேல் விழக்கூடாது என்பது அசல் விதி. அதனால் வேகனின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஒரே மாதிரி வையுங்கள். மூன்று பெரியது, இரண்டு சிறியது என்ற சுமையில் ஒரு பெரியது நடுவில், சிறியவை அதன் இருபுறமும், மீதிப் பெரியவை வெளியே. இரண்டே சுருள் என்றால் நடுவிலிருந்து சம தூரத்தில். ஒரு முனையில் ஒட்டி அடுக்கிவிட்டு மறுமுனையைக் காலியாக விடுவது கூடாது.

ஒவ்வொரு சுருளையும் இருபுறமும் குறுக்குச் சட்டங்கள் பிடித்திருக்கும். பக்கச் சுவர்களின் மேல் ஓரத்தில் இருக்கும் துளை வரிசையில் அவை பூட்டிக்கொள்ளும். கிட்டில் வரும் சட்டங்களைச் சம இடைவெளியில் ஒட்டிவிடாமல், சுருளை வைத்த பிறகு அதன் அருகில் கொண்டுவாருங்கள். பயன்படாத சட்டங்களைக் காலியான முனையில் சேர்த்து வையுங்கள். சட்டமில்லாத சுருள், தெரிந்தவர் கண்ணில் முதலில் உறுத்தும்.

சுமையை இறக்க வேண்டுமானால் சுருளை ஒட்டாமல், சட்டங்களை மட்டும் ஒட்டுங்கள். அவையே பிடித்துக்கொள்ளும்.

12. மூடி

மூடிகளைக் கிரேன் தூக்கி ஆலையில் ஓரமாக வைக்கிறது. திரும்ப வைக்கும்போது அதே வேகனின் மூடியே வர வேண்டுமென்று இல்லை. அதனால் வேகன் ஒரு நிறுவனம், மூடி இன்னொரு நிறுவனம் என்று ஓடுவது சாதாரணம். இரட்டை மூடி வேகனில் இரண்டும் இரண்டு நிறமாக இருக்கலாம். 1999-க்குப் பிந்தைய தளத்தில் நார்ஃபோக் சதர்ன் வேகனுக்குக் கான்ரெயில் மூடி போட்டால் ஒரு பைசா செலவில்லாமல் வேகனுக்கு வரலாறு வந்துவிடும். ஆனால் எல்லா வேகனிலும் மாற்றிப்போட்டால் விளையாட்டாகிவிடும். வட்டக் கூரை மூடி இருக்க வேண்டிய இடத்தில் மடிப்புக் கூரை மூடியைத் திணிக்கவும் வேண்டாம். மாறுவது ஒரே வகைக்குள்தான்.

காலி வேகனும் பெரும்பாலும் மூடியோடுதான் திரும்பும். சுமை இல்லை என்பதற்காக மூடியை எடுக்க வேண்டியதில்லை.

உட்புறத்தை மறக்காதீர்கள். கழற்றிப் பக்கத்தில் வைக்கும் மூடியின் உள்ளே பிளாஸ்டிக் நிறமும் வார்ப்புத் தழும்பும் தெரிந்தால் எல்லாம் வீண். மங்கிய சாம்பல் ஒரு பூச்சுப் போதும். மூடியின் மேல் இருக்கும் தூக்கு வளையம் கிட்டில் தடித்த கட்டியாக வரும், சீவிவிட்டு 0.3 மி.மீ. கம்பியில் வளைத்து வைத்தால் வேகனின் தோற்றமே மாறும்.

13. எழுத்துகள்

டிகால் ஒட்டுமிடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ். மங்கலான சாயத்தின் நுண்ணிய மேடு பள்ளங்களில் காற்று சிக்கி, டிகாலின் ஓரம் வெள்ளி நிறமாகத் தெரியும். வழவழப்பான பரப்பில் அது நடக்காது. ஒட்டி, மென்மையாக்கும் திரவம் விட்டு, முழுக்க உலர்ந்தபின் மங்கல் வார்னிஷ்.

மூடிக்கும் வேகனுக்கும் ஒரே எண் போட வேண்டியதில்லை. குறியெழுத்து மாறிய வேகனுக்குப் பழைய எழுத்தின் மேல் சற்றே வேறு நிறத்தில் ஒரு செவ்வகம் பூசி, அதன் மேல் புதிய எழுத்து. செவ்வகத்தின் நிறம் வேகனின் நிறத்தோடு சரியாகப் பொருந்தினால்தான் செயற்கையாகத் தெரியும். ஒளிதிருப்பிப் பட்டை 4 அங்குல அகலம், 18 அங்குல நீளம் என்ற அளவில் 1.2 மி.மீ., 5 மி.மீ. ஆகிறது.

14. பழமையாக்குவது

வேகனையும் மூடியையும் தனித்தனியாகப் பழமையாக்குங்கள். அவை வெவ்வேறு வயதுடையவை, வெவ்வேறு இடங்களில் அடிபட்டவை. சேர்த்து வைத்து ஒரே தூசி அடித்தால் மூடி மாற்றிய கதையே பொய்யாகிவிடும். மூடிக்கு மடிப்புகளிலும் தூக்கு வளையத்தைச் சுற்றியும் துரு, ஓரங்களில் கிரேன் இடித்த கீறல். வேகனுக்குக் கீழ்ப்பகுதியில் பாதைத் தூசி, போகிகளில் கரும்பழுப்பு. எல்லாம் முடிந்தபின் இரண்டையும் சேர்த்து மிக லேசான ஒரு தூசிப் பூச்சு மட்டும் போதும்.

சக்கரத்தின் ஓடும் பரப்பில் சாயம் பட்டிருந்தால் துடைத்துவிடுங்கள்.

15. ஓட்டிப் பார்ப்பது

என்எம்ஆர்ஏ அளவியால் ஒவ்வொரு அச்சிலும் சக்கர இடைவெளியை மறுபடி பாருங்கள். சாயம் பூசக் கழற்றி மாட்டியதில் நகர்ந்திருக்கலாம். பிறகு வேகனை ரயிலின் நடுவில் மாட்டி, உங்கள் தளத்தின் மிக இறுக்கமான வளைவில் பின்னோக்கித் தள்ளுங்கள். முன்னால் இழுக்கும்போது ஒளிந்துகொள்ளும் குறையெல்லாம் தள்ளும்போது வெளியே வரும். நீண்ட கப்ளர் பெட்டியுள்ள வேகன் என்றால் பக்கத்து வேகன் பக்கவாட்டில் இழுக்கப்படுகிறதா என்று பாருங்கள். இழுத்தால் அந்த இடத்துக்கு மட்டும் நீளக் காம்புக் கப்ளர் மாற்றுங்கள்.

மூடி ஆட்டத்தில் கடகடவென்று அதிர்ந்தால் அதன் உள் ஓரத்தில் மெல்லிய துணி நாடா ஒட்டுங்கள். அப்படியும் வளைவில் நகர்ந்தால் மூடியின் முனைகளில் இருக்கும் வழிகாட்டி முளைகளில் ஒன்று சாயத்தால் தடித்திருக்கும். கத்தி நுனியால் ஒரு முறை சீவிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள்.